ஓதம் ஏறாத ஒரு சாண் சுவர்

"இன்னா செவுரு இது, குளிச்சிட்டு தொவட்டாத ஆளு மாரி நின்னுகினு கீது."

பார்வதம் காலையில் கண்ணைத் திறந்ததும் சொல்வது இதுதான். பல் விளக்குவதற்கு முன்னால், சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அவள் இருமினாலே எனக்குக் கேட்கும். கார்த்திகை மழையில் மட்டுமல்ல, சித்திரை வெயிலிலும் இதே குறைதான். அதைக் கேட்டுத்தான் நான் எழுந்து பால் வாங்கப் போவேன்.

திருவிடந்தையில் ஈசிஆர் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில், ஒரே தளத்தின் கீழ் மூன்று போர்ஷன். ஓனர் சம்பத் சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கிறார். மாசம் பிறந்தால் வருவார், வாடகையை வாங்குவார், சுவரைப் பார்க்காமல் போவார். உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீடு அது. என்னுடையது நடு போர்ஷன், இரண்டு பக்கமும் வீடு, அதனால் தப்பித்தேன். பார்வதமும் அவள் புருஷன் எல்லப்பனும் மகள் சிநேகாவும் இருந்தது கோடி போர்ஷன். கடல் காற்றும் மழையும் நேராக வந்து அறைகிற சுவர் அவர்களுக்கு.

ஓதம் எப்படி ஏறும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். முதலில் தரையோரம் வெள்ளையாக உப்பு பூக்கும். பிறகு பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொள்ளும், விரலால் அழுத்தினால் மாவு கொட்டும். அப்புறம் கறுப்புப் புள்ளி. சுவரோடு நின்றால் பரவாயில்லை. எல்லப்பன் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன். அவருடைய யூனிஃபார்ம் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். புளியில் பூக்கும், பாயில் பூக்கும். பீரோவைத் திறந்தால் நனைந்த கோணி நாற்றம். பார்வதம் வாரத்துக்கு ஒரு தடவை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஒரு பழைய துணியால் சுவரைத் துடைப்பாள். துடைத்த இடம் வெளுக்கும், நாலு நாளில் திரும்ப வரும்.

சம்பத் ஒரு தடவை அதன் மேலேயே பெயிண்ட் அடித்தார். குளிக்காமல் பவுடர் போட்ட கதைதான். அடுத்த வருஷம் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார். ஓதம் டைல்ஸுக்குப் பின்னால் படி ஏறி, மேலே தலையை நீட்டியது. மூன்றாவதாக அவர் கண்டுபிடித்தது, குற்றம் பார்வதத்தின் மேல்தான் என்று. பார்வதம் பெருமாள் கோயில் வாசலில் மாலை கட்டி விற்பவள். பூ மூட்டையை வீட்டில்தான் வைப்பாள்.

"நீ பூவ உள்ள வெச்சி தண்ணி தெளிச்சிகினு கீறே. செவுரு இன்னா பண்ணும்?" என்றார்.

"நான் பூவுக்குத்தான் தெளிச்சேன் ஓனரே. செவுத்துக்கு நீதான் கட்டறப்பவே உப்புத்தண்ணி ஊட்டி வளத்துக்கீறே," என்றாள் பார்வதம்.

உள்ளேயிருந்து சிநேகா சிரித்த சிரிப்பில் சம்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்காக அடுத்த மாதம் குழாய் ரிப்பேரைக் கூடச் செய்து தரவில்லை. ஆனாலும் அந்த ஆள் சொன்னது பார்வதத்துக்கு எங்கேயோ தைத்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து பூ மூட்டையை வெளியே என் வாசல்படிக்கு மாற்றிக்கொண்டாள். சுவர் அப்போதும் காயவில்லை.

சிநேகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வயது. மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை. சனி ஞாயிறு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு மாலைக் கடையில் நிற்பாள், ஹோட்டல்காரன் திட்டுவான், திரும்ப லீவு போடுவாள். எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் யார் என்று தெரியும் உங்களுக்கு. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள். மாலை வாங்கிச் சாமிக்குச் சாத்தி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றிவந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டி வைக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக அந்தக் காய்ந்த மாலையோடு திரும்பி வர வேண்டும். முதல் தடவை வருகிறவர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை அம்மாவின் பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்பான்.

"இன்னா அண்ணாத்த, செக்போஸ்ட்ல புடிச்சி நிக்க வெச்ச மாரி நிக்கிறே. மாப்ள மாரி நில்லு," என்பாள் சிநேகா. அவர்கள் ஃபோனை வாங்கி அவளே போட்டோ எடுத்துக் கொடுப்பாள். சிரித்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள் அவளையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போட்டோவெல்லாம் அவரவர் ஊருக்குப் போனது. பார்வதத்திடம் இருந்தது பட்டன் ஃபோன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பார்வதம் மகளுக்கும் ஒரு மாலை கட்டினாள். ஊருக்கெல்லாம் கட்டியதைவிடத் தடிமனாக, சம்பங்கியும் ரோஜாவும் துளசியும் வைத்து. சிநேகா கிண்டல் பண்ணிக்கொண்டே போட்டுக்கொண்டாள். கூடத்துச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டினார்கள். ஓதம் படக்கூடாது என்று பார்வதம் அதற்கு பாலிதீன் கவர் போட்டாள். அச்சரப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தை மாதத்துக்கு நாள் சொல்லியிருந்தார்கள்.

காணும் பொங்கல் முடிந்த மறுநாள், வேலை விட்டு ஸ்கூட்டியில் வந்த சிநேகாவை ஒரு வேன் அடித்துப் போட்டது. ரோட்டிலேயே முடிந்துவிட்டது. அவள் ஃபோன் சக்கரத்தின் அடியில் தூளானது. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஃபோன் போனதும் போட்டோவும் போனது. சாவு பேனருக்குப் படம் கேட்டார்கள், வீட்டில் இல்லை. சிநேகாவோடு ஹோட்டலில் வேலை பார்த்த சஹானா என்கிற பெண் தன் ஃபோனிலிருந்து ஒன்றை அனுப்பினாள். மஞ்சள் சுடிதார், தலையைச் சாய்த்துச் சிரிக்கிற படம். கோவளத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தேவசகாயம் அதைப் பேனருக்கும் அடித்தார், பெரிதாக பிரிண்ட் போட்டுக் கண்ணாடி ஃபிரேமும் போட்டார். மாலை தொங்கிய ஆணிக்குப் பக்கத்திலேயே ஃபிரேமை மாட்டினார்கள். எல்லாரும் செய்கிற மாதிரி மேலே ஒரு ஹோல்டர் வைத்து, சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டார் எல்லப்பன். பகலும் ராத்திரியும் அணையாமல் எரிய வேண்டும் என்பது பார்வதத்தின் உத்தரவு.

பதினாறாம் நாள் முடிந்ததும் பேனரை என்ன செய்வது என்று வந்தது. ஃப்ளெக்ஸ் ஷீட்டை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், தண்ணீர் இறங்காது, எதற்காவது ஆகும். எல்லப்பன் அதைப் பீரோவுக்குப் பின்னால் ஓதச் சுவரில் ஆணி வைத்து அடித்தார். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தைப் பார்க்க முடியாமல், படம் இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அடித்தார். துணிமணியாவது தப்பட்டும் என்று.

வீட்டை மாற்றுங்கள் என்று நான் சொன்னேன். அந்த வீட்டில் இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் இருமியே சாவீர்கள் என்றும் சொன்னேன். பார்வதம் கேட்கவில்லை. வருஷம் திரும்பாமல் வீடு மாற்றக்கூடாதாம். செத்தவள் பழைய கதவைத் தட்டிவிட்டு, ஆளில்லை என்று போய்விடுவாளாம். தை வரட்டும் என்றாள். அந்தக் காய்ந்த மாலைக்கு மட்டும் அவளிடமே வழி இல்லை. கல்யாணம் ஆனால் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆகாமலே போனால் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனையோ வருஷம் மாலை விற்ற அவளுக்கும் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. அது ஆணியிலேயே தொங்கியது.

ஆவணியிலேயே மழை பிடித்துக்கொண்டது. சுவர் தரையிலிருந்து கூரை வரை கறுத்தது. அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். படத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சுவர் சுண்ணாம்பு மாதிரி வெளேரென்று காய்ந்து கிடந்தது. பக்கத்தில் கவருக்குள்ளே மாலை பூசணம் பிடித்துப் போயிருந்தது. படத்தில் ஒரு புள்ளி இல்லை.

"பாத்தியாம்மே. எம்பொண்ணு குந்திகினு கீற எடத்துல மட்டும் ஓதம் வரல," என்றாள்.

செய்தி தெருவில் பரவியது. நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள், ஒருத்தி குங்குமம் கூட வைத்தாள். பார்வதம் அந்த வெள்ளைச் சுவரைத் தினமும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பது போல. வெதுவெதுப்பாக இருக்கிறது என்பாள். காலைக் குறை நிற்கவில்லை, ஆனால் அதற்கு ஒரு வால் முளைத்தது. "இன்னா செவுரு இது, குளிச்சிட்டு தொவட்டாத ஆளு மாரி நின்னுகினு கீது. எம்பொண்ணு எடத்த தவுர."

அவள் அப்போது திரும்பச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். கடையையும் திறந்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் அந்தப் பல்பு ஃபியூஸ் போனது. எல்லப்பன் பதறிக்கொண்டு கடைக்கு ஓடினார். பழைய மாதிரி ஜீரோ வாட்ஸ் இப்போது வருவதில்லை என்று எல்இடி பல்பு கொடுத்தார்கள். அதுவும் சிவப்புதான், இன்னும் பளிச்சென்று எரிந்தது. கரண்டும் கம்மி, வருஷக்கணக்கில் போகாது என்று கடைக்காரர் சொன்னதை எல்லப்பன் என்னிடமும் வந்து சொன்னார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மகளுக்கு நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்ட திருப்தி முகத்தில் இருந்தது.

கொஞ்ச நாளில் வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமானது. பிறகு புள்ளி வந்தது. பிறகு கண்ணாடிக்கு உள்ளே, சிநேகாவின் தாடையில் ஒன்று.

பார்வதம் தொட்டுப் பார்த்தாள், சுவர் ஜில்லென்று இருந்தது. மகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று முடிவு கட்டினாள். எதற்குக் கோபம் என்று தேடினாள். கடையைத் திறந்ததற்கா, தான் சிரித்துப் பேசியதற்கா, அந்த மாலையைக் கட்டிப் போட்டதற்கா. எல்லப்பன் கறி சாப்பிட்டதற்கு அவரோடு சண்டை போட்டாள். விரதம் இருந்தாள். புள்ளி தாடையிலிருந்து உதட்டுக்கு ஏறியது. அந்த நாட்களில் காலையில் அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலை. எல்லப்பன் டூட்டியிலிருந்து இன்னும் வரவில்லை. பார்வதம் வழக்கம்போல் பிளீச்சிங் தண்ணீரில் சுவரைத் துடைத்திருக்கிறாள். துடைத்த இடம் வெளுத்ததும், படத்தை மட்டும் ஏன் அழுக்காக விட்டோம் என்று தோன்றியிருக்கிறது. ஃபிரேமை இறக்கி, பின்பக்க ஆணியைக் கழற்றி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த படத்தை உரித்து எடுத்து, அதே துணியால் துடைத்திருக்கிறாள். அழுத்தியெல்லாம் இல்லை. குழந்தை வாயைத் துடைக்கிற மாதிரித்தான் துடைத்தேன் என்றாள் பிறகு.

ஸ்டூடியோவில் அவசரத்துக்கு அடிக்கிற இங்க் பிரிண்ட் அது. ஈரம் தாங்காது.

அவள் என்னைக் கூப்பிட்ட சத்தம் சாதாரணமாகத்தான் இருந்தது. போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த அட்டையில் கொஞ்சம் தலைமுடியும் ஒரு காதும் மிச்சம். கையில் துணி. துணியில் மஞ்சள் இருந்தது, சுடிதாரின் மஞ்சள். அதன் பக்கத்தில் மாநிறம்.

"நானே தொடச்சிட்டேன்மே," என்றாள். "அழுக்க தொடைக்கிற மாரி எம்பொண்ண தொடச்சிட்டேன்."

நான் அந்தத் துணியை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன். விடவில்லை.

அன்றைக்கே எல்லப்பனும் நானும் கோவளத்துக்கு ஓடினோம். தேவசகாயம் நல்ல மனிதர், கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் துழாவினார், பழைய ஃபைலெல்லாம் அழித்தாகிவிட்டது. சஹானா கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். ஃபோன் போட்டேன், அழுதாள்; பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாளாம். ஹோட்டலிலும் இல்லை. ஆதார் கார்டில் இருந்தது யாரென்றே தெரியாத கறுத்த நிழல். எல்லப்பனுக்குப் பேனர் ஞாபகம் வந்தது. பீரோவை நகர்த்தி, ஆணியைப் பிடுங்கி ஷீட்டை உரித்தோம். சுவர்ப் பூச்சும் சேர்ந்து வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் கறுப்பைத் தவிர எதுவும் இல்லை. அவர் அதை மடித்து, மடித்து, சின்னதாக்கி, கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வெறும் ஃபிரேமைத் திரும்ப மாட்டும்போதுதான் என் விரல் பல்பில் பட்டது. சூடே இல்லை. பேருக்குத்தான் ஜீரோ வாட்ஸ், பழைய பல்பு எரிந்தால் கிட்டே கை வைக்க முடியாது. கோழிக்குஞ்சுப் பெட்டியில் போடுவார்களே, அந்தச் சூடு. அதுதான் ஒரு சாண் சுவரைக் காய வைத்திருந்தது. எனக்கு எல்லாம் விளங்கியது. மகள் கோபித்துக்கொண்டாள் என்று இவள் பட்டினி கிடப்பதையாவது நிறுத்தலாமே என்று பார்வதத்திடம் சொன்னேன்.

"அவளுக்குக் கோபம் ஒண்ணும் இல்லக்கா. பல்பு சூட்டுலதான் காஞ்சிது. பல்ப மாத்தினோம், ஓதம் வந்துடுச்சு."

பார்வதம் பல்பை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப மொதல்லயும் அவ இல்லியா?" என்றாள்.

 

தையில் வருஷம் திரும்பியது. படையலுக்கு ஒரு படம் வேண்டுமே என்று எல்லப்பன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருந்த எள்ளளவு முகத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்தார். ரெட்டைப் பின்னல், யூனிஃபார்ம், முறைத்துப் பார்க்கிற பிள்ளை.

"இதுவும் எம்பொண்ணுதான்," என்றாள் பார்வதம். "ஆனா இது ஸ்கூலுக்கு கெளம்பி நிக்கிது. வேலைக்கி போய் வந்துகினு இருந்தாளே, அந்தப் பொண்ணு எங்க?"

சாயங்காலம் மாலையைக் கடலில் விட்டார்கள். கவரைப் பிரித்தபோது அதில் பூ என்று சொல்ல எதுவும் இல்லை, நார் மட்டும்தான்.

இப்போது அவர்கள் அடுத்த தெருவில் மாடி வீட்டில் இருக்கிறார்கள். நாள் முழுக்க வெயில் வரும், சுவர் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. வந்த அன்றே பார்வதம் கூடத்தில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னாள். அது வெறும் ஆணியாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் படத்தைப் பீரோவில் வைத்திருக்கிறாள். எல்லப்பன் கெஸ்ட் ஹவுஸின் பழைய சாமான் அறையில் தேடி ஒரு பழைய ஜீரோ வாட்ஸ் பல்பைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அது அடுக்களை ஷெல்ஃபில் காகிதத்தில் சுற்றி இருக்கிறது. கோடி போர்ஷனுக்கு சம்பத் திரும்ப பெயிண்ட் அடித்து, புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு விட்டுவிட்டார். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவைத்தேன்.

பார்வதம் இப்போது சுவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவள் பயம் வேறு. மகளின் மூக்கு ஞாபகத்தில் இருக்கிறதாம், புருவம் இருக்கிறதாம். சிரித்தால் கன்னம் எப்படி ஆகும் என்பது போய்க்கொண்டே இருக்கிறதாம். "கண்ண மூடினா அந்தத் துணிதான்மே வருது," என்றாள் ஒரு நாள், பூ தொடுத்துக்கொண்டே.

போன மாசி மாதம் ஒரு ஜோடி காய்ந்த மாலையோடு வந்தது. நான் அப்போது கடையில் இருந்தேன். அந்தப் பெண் பார்வதத்தை அடையாளம் கண்டுகொண்டு, முதல் தடவை மாலை போட்டபோது எடுத்த படத்தைச் சந்தோஷமாகக் காட்டினாள். படத்தின் ஓரத்தில், மாலையை நீட்டுகிற ஒரு கை இருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல், மணிக்கட்டில் ஒரு மச்சம். முழங்கையோடு படம் முடிந்துவிட்டது. பார்வதம் அந்தக் கையைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் பயந்துபோய், என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் ஃபோன் முழுக்கத் தேடினாள், அவள் புருஷன் ஃபோனிலும் தேடினார்கள். கை மட்டும்தான். அந்தப் படத்தை என் ஃபோனுக்கு வாங்கிக்கொண்டேன்; தேவசகாயம் அதைப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள் பார்வதம்.

"கை கெடைச்சிதில்ல. மூஞ்சியும் எங்கனா இருக்கும்," என்றாள்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சிநேகா அம்மாவின் கடையில் நின்ற காலத்தில் நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ திருவிடந்தைக்கு வந்து மாலை போட்டிருந்தால், ஃபோனில் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் தோளுக்குப் பின்னால், ஓரத்தில், மாநிறமாக, தலையைச் சாய்த்துச் சிரிக்கிற ஒரு பெண் இருக்கிறாளா என்று பாருங்கள். மணிக்கட்டில் மச்சம் இருக்கும். இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள், பார்வதத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கோயில் வாசலுக்கு வந்து பார்வதம் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை தவிர எல்லா நாளும் இருப்பாள்.

பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டாம், ஃபோனிலேயே காட்டுங்கள். எந்நேரமும் பூவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பவள், கை ஈரமாக இருக்கும். துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்புறம் கொடுங்கள்.